வாய் திறக்காத கீப்பர்

என் மகன் ஆடும் ஃபுட்பால் மேட்சில் முதலில் காதில் விழுவது அவன் குரல்தான். பந்து எதிர்ப்பக்கம் கிடந்தாலும் கத்திக்கொண்டே இருப்பான். ஆளைப் பிடி, ஏறாதே, இறங்கு, இன்னாத்த வேடிக்கை பாக்குற. கீப்பரின் வேலையில் பாதி அதுதான் என்பார் அவன் அப்பா. கடைசியில் நிற்பவனுக்குத்தான் முழு மைதானமும் தெரியும், தெரிந்ததைச் சொல்லாமல் நின்றால் அவன் எதற்குக் கீப்பர்? ஸ்டேடியத்தின் மேல் வரிசையில் இருக்கும் எனக்கே அவன் திட்டுகிற வார்த்தைகள் சில தெளிவாகக் கேட்கும். பக்கத்தில் இருப்பவர்கள் காதிலும் விழுந்திருக்குமே என்று எனக்குக் கூச்சமாக இருக்கும்.

இப்படிப்பட்டவன், மேட்ச் முடிந்து யாராவது மைக்கை நீட்டினால் உதட்டை இறுக்கிக்கொண்டு நடந்துவிடுவான். ஒரு முறை இரண்டு முறை அல்ல, கிட்டத்தட்ட ஒரு வருடம் இதையே செய்தான். அந்த வருடத்தில் எனக்கு நரைத்த முடிக்கு அவன்தான் பொறுப்பு.

அவன் ஆடிய கிளப்பை ஒரு பெரிய கம்பெனி நடத்தியது. நாடு முழுக்க நடக்கும் லீக்கில் அவர்கள் அணி ஆடியது, டிவியில் வந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் அதை நான்தான் வரிக்கு வரி படித்து அவனுக்குச் சொன்னேன். மேட்ச் முடிந்ததும் டிவிக்காரர்கள் யாரைக் கூப்பிடுகிறார்களோ அவர், விளம்பரக் கம்பெனிகளின் பெயர் அடித்த பலகைக்கு முன்னால் போய் நின்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் முதலில் எச்சரிக்கை, பிறகு அபராதம், அதற்கும் மேலே போனால் அடுத்த வருடம் ஒப்பந்தம் கிடையாது. "இது இன்னாம்மா பெரிய விசயம்" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான்.

ஒப்பந்தம் எங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. வியாசர்பாடி வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் பந்து உதைக்காத பையன் கிடையாது. அதற்காகச் சம்பளம் வாங்கினவர்களை விரல் விட்டு எண்ணலாம். என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். நான் எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் டெலிபோன் ஆபரேட்டர். வருகிற அழைப்பை எல்லாம் எடுத்து, யார், எங்கிருந்து, யார் வேண்டும் என்று கேட்டு, உரிய ஆளுக்கு இணைத்துவிடுவது என் வேலை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஒருவர் இருக்க முடியும் என்பதே எனக்குப் புரியாத விஷயம்.

முதல் வருடம் அவன் பேசினான் என்பதைச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால், எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும்.

தோற்ற அன்றைக்கு எங்கள் பகுதிப் பையன்கள் நேராக வீட்டுக்குப் போவது கிடையாது. மைதானத்து ஓரமாக வட்டமாக உட்காருவார்கள். கீப்பர் ஆரம்பிப்பான். எவனெவன் எங்கே கோட்டைவிட்டான் என்று ஒவ்வொருவனாக எடுத்து ஓட்டுவான், அதாவது கேலி செய்வான். ஓட்டப்படுகிறவன் எதிர்த்துப் பேசக் கூடாது, சிரிக்கலாம். எவன் அதிகமாக வாங்கிக் கட்டிக்கொள்கிறானோ அவனுக்குத்தான் முதல் டீ. டீ குடித்து முடித்தால் பேச்சும் முடிந்தது. அதை யாரும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக மாட்டார்கள். ஓட்டாமல் எழுந்து போனால்தான் கோபம் என்று அர்த்தம்.

முதல் வருடத்தில் வெளியூரில் ஒரு மேட்ச் தோற்றார்கள். இவனைப் பேசக் கூப்பிட்டார்கள். கூடவே, கோலுக்கு முன்னால் நின்று தடுக்கும் ஸ்டாப்பர் பேக்காக ஆடும் எங்கள் கீழ் வீட்டுப் பையனும் போய் நின்றான். இரண்டு பேரும் ஒன்றாகப் பந்து உதைத்து வளர்ந்தவர்கள். ஒரே கிளப்புக்கு ஒன்றாகத்தான் எடுக்கப்பட்டார்கள். அன்று குடியிருப்பே எங்கள் வீட்டு டிவி முன்னால் கூடியிருந்தது. எப்படி சார் கோல் விழுந்தது என்று கேட்டதும் இவன் தோழனின் தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னான்: "எங்க பேக்கு தூங்கிகினு இருந்தான் சார். கல்யாண வூட்ல பந்திக்கி நிக்கிற மாரி நின்னுகினு கீறான், அவனுங்க பூந்து போய்கினே கீறானுங்க."

அந்தப் பையனும் பக்கத்தில் நின்று விழுந்து விழுந்து சிரித்தான். இங்கே எங்கள் கூடமே அதிர்ந்தது. அவனைப் பெற்றவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நானும்தான்.

அதற்கப்புறம் சில மேட்சுகளில் கீழ் வீட்டுப் பையன் வெளியே உட்கார்ந்தான். வருட முடிவில் அவனை நிறுத்திவிட்டார்கள். முழங்காலோ என்னவோ என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம். அவன் மாத்தூர்ப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் லாரிகளை உள்ளே விடும் வேலைக்குப் போக ஆரம்பித்தான். என் மகன் அதற்கடுத்த மேட்சிலிருந்து வாயைத் திறக்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு மட்டும் இல்லை, எங்கள் குடியிருப்பில் யாருக்குமே தோன்றவில்லை.

எனக்குத் தோன்றிய காரணங்கள் வேறு. நம் பேச்சை வெளியே கேலி செய்கிறார்களே, அதற்கு வெட்கப்படுகிறான் என்று நினைத்தேன். நல்ல தமிழில் நாலு வாக்கியம் எழுதிக் கொடுத்தேன். 'அணியினர் அனைவரும் சிறப்பாக ஆடினார்கள், அடுத்த ஆட்டத்தில் இன்னும் முயற்சி செய்வோம்.' டார்ச் லைட்டை மைக் மாதிரி அவன் முகத்துக்கு நேரே நீட்டி, சொல்லு பார்க்கலாம் என்றேன். அவன் அந்த டார்ச் லைட்டை வாங்கி, பாட்டரி தீர்ந்திருக்கிறது என்று சொல்லி மேஜையில் வைத்தான்.

"நம்ம பாஷ பேச வெக்கமா கீதா உனுக்கு?"

"எனுக்கு இன்னாத்துக்கு வெக்கம்? நம்ம பாஷல இன்னா கொறச்சல்?"

"அப்ப பேசேன்."

"பந்த புடிக்கத்தானே சம்பளம் குடுக்கறான். புடிக்கறேன் இல்ல?"

அவன் அப்பா செய்தித்தாளைத் தாழ்த்தாமலே, "வுடேன் அத்த, எப்ப பாரு பையன புடிச்சி நோண்டிகினு" என்றார். அந்த வீட்டில் கவலைப்படும் வேலையை என் ஒருத்தியிடமே கொடுத்திருந்தார்கள்.

பேசாதவன் என்று பெயர் வாங்கியதும் பேசாததே செய்தி ஆனது. திமிர் பிடித்தவன் என்று ஒரு பத்திரிகை எழுதியது. இன்னொன்றிலிருந்து ஒருவர் வீட்டுக்கே வந்துவிட்டார். மாடிப்படி ஏறி மூச்சு வாங்க உட்கார்ந்து, நான் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, குடிசையில் பிறந்து வளர்ந்ததால்தான் உங்கள் மகன் கூச்சப்படுகிறாரா என்று கேட்டார். நாங்கள் குடிசையில் இருந்ததே இல்லை, இது கான்கிரீட் வீடு, நானும் அவரும் இருபது வருடமாகச் சம்பளம் வாங்குகிறோம் என்றேன். அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் 'குடிசையில் மலர்ந்த கோல்கீப்பர்' என்று வந்தது. அதைப் பார்த்து மகன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. "பாத்தியாம்மா, நீ பேசி இன்னா ஆச்சி?" என்றான்.  எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

எச்சரிக்கை வந்தது. அபராதம் வந்தது. சீசன் முடிய கொஞ்ச மேட்சுகளே பாக்கி இருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கீழ் வீட்டுப் பையன் வாசலில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். இவன் சொன்னால் என் மகன் கேட்பான் என்று எனக்கு நம்பிக்கை. படியிறங்கிப் போய் அவன் பக்கத்தில் நின்றேன்.

"உன் தோஸ்துகிட்ட ரெண்டு வார்த்த பேச சொல்லேன்டா. நீ சொன்னா கேப்பான்."

"சொல்லாமயா கீறேன் அத்தே? பாக்கறப்பல்லாம் அதத்தான் சொல்றேன். கேக்க மாட்டேன்றான்."

"அதான் ஏன்னு கேக்கறேன்."

பம்பை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். "அவன் உங்களாண்ட சொல்லவே இல்லியா?"

பிறகு டயரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அவனை நிறுத்தும்போது கிளப் ஆபீசுக்குக் கூப்பிட்டார்களாம். ஏன் சார் என்று கேட்டானாம். உங்கள் கீப்பரே டிவியில் சொல்லிவிட்டாரே, அதற்கு மேல் நாங்கள் என்ன சொல்ல என்று அந்த வீடியோத் துண்டைப் போட்டே காட்டினார்களாம்.

"அதுல நானும் சிரிக்கறேன் அத்தே. பக்கத்துல நின்னுகினு சிரிக்கறேன். ஓட்றதுதான் சார் அது, சொம்மா ஓட்றதுன்னு சொல்லி பாத்தேன். அவங்களுக்குப் புரியல. அத வந்து இவங்கிட்ட தமாசா சொன்னேன், பாத்தியாடா உன்னால என் வேல பூட்ச்சின்னு. அவன் அத தமாசா எடுத்துக்கல."

என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்று எங்கள் கூடத்தில் எத்தனை பேர் சிரித்தோம் என்பதுதான் நினைவுக்கு வந்தது. அவன் மறுபடியும் காற்றடிக்க ஆரம்பித்தான். எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி, ஒரு அரசுத் துறை அணிக்கு ஆள் எடுக்கிறார்கள், அடுத்த மாதம் தேர்வுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், எடுத்துவிட்டால் நிரந்தர வேலை என்றான்.

அந்த வாரமே கிளப் மேனேஜர் தொழிற்சாலைக்கு போன் செய்தார். எடுத்தது நான்தான். என்னைத்தான் கேட்டார்.

"மேடம், நாங்க ஒண்ணும் வில்லன் இல்ல. எங்களுக்கும் நல்ல கீப்பர் வேணும். ஆனா மேலேர்ந்து கேக்கறாங்க. ஏதாவது ஒரு காரணம் சொல்லுங்க, போதும். பத்திரிகைக்கு ஒரு குறிப்பு குடுத்து விலக்கு வாங்கிடலாம். காரணமே இல்லாம மட்டும் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

காரணம் என் நாக்கில் இருந்தது. உண்மையான காரணம், யாரும் குறை சொல்ல முடியாத காரணம். சொன்னால் மகனைத் திமிர் பிடித்தவன் என்று எழுதியவர்களே நட்புக்கு இலக்கணம் என்று எழுதுவார்கள். ஒப்பந்தமும் கிடைக்கும். டெலிபோன் போர்டில் மூன்று விளக்குகள் ஒரே நேரத்தில் மின்னிக்கொண்டிருந்தன. லைனில் இருங்கள் என்று சொல்லி அந்த மூன்று அழைப்புகளையும் இணைத்தேன். திரும்பி வந்தபோது, மகனைக் கேட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

வீட்டுக்குப் போனதும் கேட்டேன். எனக்கு எல்லாம் தெரியும் என்றேன். அவன் தரையில் உட்கார்ந்து கிளவுஸுக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தான்.

"சொன்னா இன்னா ஆவும்? அந்தத் துண்ட திரும்பவும் போடுவான். தூங்குன பேக்கு இவன்தான்னு ஊருக்கே காட்டுவான். அடுத்த மாசம் அவனுக்கு டிரையல் கீதும்மா."

"சரி, அத சொல்ல வேணாம். மைக்குல பேச வராது, திக்கும்னு சொல்லிடலாம்."

"மேட்ச் பூரா கத்தறவனுக்குத் திக்குமா? சிரிக்க மாட்டான்?"

"அப்ப அந்த நாலு வரிய சொல்லித் தொலையேன்டா. எல்லாரும் நல்லா ஆடினோம்னு. யார் பேரும் வேணாம்."

பவுடர் டப்பாவை மூடினான். "இப்ப நான் ஒயுங்கா பேசினா, அன்னிக்கி பேசினதும் ஒயுங்கா பேசினதா ஆய்டும். இவனுக்குப் பேசவே தெரியாது, எதையோ ஒளறிட்டான்னு இருந்தாதான் அது தமாசு."

இதை எத்தனையோ தடவை மனதுக்குள் புரட்டிப் பார்த்துவிட்டேன். தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் யார் கணக்கில் இது ஏறும்? அவன் பேசாமல் இருப்பதால் அன்று பேசியது தமாசு ஆகிவிட்டது என்று உலகத்தில் ஒரு மனிதனுக்காவது தோன்றுமா? அவனுக்கும் அவன் தோழனுக்கும் தவிர யாருக்கும் தெரியாத ஒரு நியாயத்துக்காக, கையில் இருக்கும் பிழைப்பை விடுகிறான். அதைக் கத்திச் சொன்னேன். அவன் அப்பா இந்த முறை விடு என்று சொல்லவில்லை. எழுந்து வெளியே போய்விட்டார்.

மேனேஜருக்கு நான் திருப்பிப் போன் செய்யவில்லை.

கடைசி மேட்ச் சென்ட்ரலுக்குப் பின்னால் இருக்கிற ஸ்டேடியத்தில் நடந்தது. நானும் அவரும் போயிருந்தோம். வராத சாமர்த்தியம் எல்லாம் அன்றைக்குத்தான் அவனுக்கு வந்தது. எதை அடித்தாலும் பிடித்தான். இப்படிப் பிடித்தால் பேச இவனைத்தான் கூப்பிடுவார்கள். கோல் விழட்டும் என்று வேண்டிக்கொண்ட தாய் அந்த ஸ்டேடியத்தில் நான் ஒருத்திதான் இருந்திருப்பேன்.

கூப்பிட்டார்கள். மேனேஜர் வந்து அவன் முதுகில் கை வைத்து அழைத்துக்கொண்டு போவது மேலிருந்து தெரிந்தது. இந்த முறை அவன் நழுவவில்லை. பலகைக்கு முன்னால் போய் நேராக நின்றான், கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். மைக் வைத்திருந்த சின்னப் பெண் சிரித்துக்கொண்டே ஏதோ கேட்டாள். அவன் அவளை மரியாதையாகப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் மறுபடி கேட்டாள். மைதானத்தில் இருந்த சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. பேசுவான் பேசுவான் என்று நான் என் கணவரின் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது கேள்வியும் கேட்டு முடித்து அவள் மைக்கை இறக்கிவிட்டாள். அவன் அவளைக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனான். மேனேஜர் மட்டும் பலகையின் ஓரத்தில் தனியாக நின்றார்.

கீழே இறங்கியபோது யாரோ காட்டிக் கொடுத்திருக்க வேண்டும், ஒரு நிருபர் கையில் ரெக்கார்டரோடு என்னை மறித்தார்.

"அம்மா, நீங்களாவது சொல்லுங்க. உங்க பையனுக்கு என்னதான் பிரச்சினை?"

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியே பழகிய வாய். கீழ் வீட்டுப் பையனின் பெயர் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. ஒரே வார்த்தை. எங்கள் வீட்டு அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் அந்த வார்த்தையில் இருந்தன. நிருபருக்குப் பின்னால் என் கணவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நேரம் ஆச்சுப்பா, பஸ்ஸு போய்டும்" என்றேன்.

வெளியே வந்ததும் நடைபாதைச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். என் கணவர் சோடா வாங்கி வந்தார்.  எங்கள் பஸ் உண்மையாகவே போய்விட்டது. இதை எழுதும்போதும் அந்த ரெக்கார்டரின் சிவப்பு வெளிச்சம் கண்ணுக்கு முன்னால் வருகிறது. எது சரி என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. இப்போது ஊருக்குள் ஒரு சின்ன லீக் கிளப்புக்கு ஆடுகிறான். மேட்ச் இருந்தால் ஏதோ கைக்கு வரும். பேட்டி எடுக்க அங்கே யாரும் வருவதில்லை.

கீழ் வீட்டுப் பையனைத் துறை அணியில் எடுத்துக்கொண்டார்கள். நிரந்தர வேலை. இனிப்பு கொடுக்க முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தான். கொஞ்ச நாளில் பத்திரிகையின் சென்னை இணைப்பில் அவன் படம் வந்தது, கீழே அரைப் பக்கத்துக்குப் பேட்டி. நன்றாகவே பேசியிருந்தான். பயிற்சியாளர், பெற்றவள், குடியிருப்புப் பையன்கள், கண்டெய்னர் யார்டு முதலாளி, இரவல் பூட்ஸ் கொடுத்தவன், எல்லாருக்கும் நன்றி சொல்லியிருந்தான். மேல் வீட்டு அத்தை என்று நான்கூட ஒரு வரியில் இருந்தேன். என் மகன் பெயர் மேலிருந்து கீழ் வரை எங்கேயும் இல்லை.

பத்திரிகையை மடித்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"உன் பேரு எங்கடா?"

"நான்தான் போடாதன்னேன்."

"ஏன்?"

"என் பேர சொன்னா அந்தப் பழைய கதய கேப்பான்." இட்லியைப் பிட்டுக்கொண்டே முழுவதையும் படித்தான். பிறகு தலை நிமிர்ந்து, "நல்லா பேசி கீறான் இல்ல?" என்றான்.

உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் கேட்டான். எனக்கு அந்தப் பத்திரிகையைச் சுருட்டி அவன் தலையிலேயே போட வேண்டும் போல இருந்தது. சட்னி போதுமா என்று கேட்டேன்.